குழாயை உருவுவதா, விட்டுவிடுவதா?

நம் ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே மண். மண்ணில் துளை போட்டால் சரிந்து மூடிக்கொள்ளும். ஆகவே முதலில் ஒரு குழாயை இறக்குவார்கள். பாறை வந்ததும் குழாய் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளைதான். பாறை சரியாது அல்லவா?

பாலத்துக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் ஆழமான அஸ்திவாரம் போடுவது இப்படித்தான். துளை மட்டும் பெரியது. மூன்று அடி, ஐந்து அடி அகலம்கூட உண்டு. கம்பிக் கூட்டை உள்ளே இறக்கி, கான்கிரீட் ஊற்றுவார்கள். அந்தத் தூண் பாறைக்குள் சில அடி இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மண் சரியாமல் காத்த அந்த இரும்புக் குழாயை என்ன செய்வது? இங்கேதான் தகராறு.

உருவினால் லாபம்

கான்கிரீட் ஊற்ற ஊற்றக் குழாயை மேலே உருவி எடுத்துவிடலாம். அதே குழாய் அடுத்த துளைக்கும் உதவும். பணம் மிச்சம்.

ஆனால், புட்டுக் குழாயிலிருந்து புட்டைத் தள்ளுவது போல இது சுலபம் அல்ல. தாமதித்தால் கான்கிரீட் இறுகி, குழாயோடு சேர்ந்து மேலே வரும். தூண் நடுவில் அறுந்துபோகும். உள்ளே போதிய கான்கிரீட் இல்லாமல் உருவினாலோ, சேறும் தண்ணீரும் புகுந்து தூணின் இடுப்பு சிறுத்துவிடும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது!

சில சமயம் குழாய் சிக்கிக்கொண்டு வரவே வராது. அந்த இரும்பின் விலை யார் தலையில்? காண்டிராக்டரா, கட்டச் சொன்னவரா? ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதாவிட்டால் வழக்குத்தான்.

கடல், ஆறு, இளகிய சேறு உள்ள இடங்களில் குழாயை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். பாறைக்குள் மட்டும் குழாய் நீளக்கூடாது. கான்கிரீட் பாறையை நேராகத் தொட்டால்தான் பிடிப்பு.

சாய்ந்த மாளிகை

பக்கத்தில் கட்டடம் இருந்தால்? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே மில்லேனியம் டவர் என்ற 58 மாடிக் கட்டடம் 2009-ல் திறக்கப்பட்டது. பணக்காரர்கள் வாங்கிய வீடுகள். அதைத் தாங்கும் சுமார் 950 கான்கிரீட் தூண்களும் மணல் அடுக்கோடு நின்றுவிட்டன. பாறையோ 200 அடிக்கும் கீழே! கட்டடம் சுமார் 16 அங்குலம் புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்திருப்பது 2016-ல் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

52 இரும்புக் குழாய்களைப் பாறைவரை இறக்கி, கட்டடத்தைத் தாங்கச் செய்வது என்று முடிவாயிற்று. முதலில் 36 அங்குல வெளிக் குழாய். அதனுள்ளே 24 அங்குலக் குழாய். 2021-ல் வேலை தொடங்கியதும் கட்டடம் இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது! ஆகஸ்டில் வேலையை நிறுத்தினார்கள்.

குழாயை இறக்கியதற்கே இந்தக் கதி. உருவ முயன்றிருந்தால்? இப்படிப்பட்ட இடத்தில் இரும்பு விலையைப் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இஞ்சினீயர்கள் கணக்கை மாற்றினார்கள். 52 என்பது 18 ஆயிற்று. உள் குழாய்களின் வழியே பாறையில் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பினார்கள். அந்த இரும்பை உருவவில்லை. 2023-ல் வேலை முடிந்தது.