பெயிண்ட் அடித்தால் துரு போகாது

வீட்டு ஷெட்டில் பழைய கம்பெனி கம்ப்ரஸர் வாங்கி வைக்கும் வில்லியனூர், பாகூர் தம்பிகளே!

"மோட்டார் நல்லா ஓடுது சார்" என்கிறீர்கள். டேங்க்கின் உள்ளே பார்த்தீர்களா? காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும்; துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளிப் பெயிண்ட் அதை மறைக்கும்.

பள்ளிக் கணக்குதான்: 40 செ.மீ. விட்டமுள்ள டேங்க் மூடியில், சதுர செ.மீ.க்கு 8 கிலோ அழுத்தம் என்றால் மொத்தம் 10 டன்! பக்கத்தில் பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

2025 வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் ஆலையில் இதற்குப் பாதுகாப்பு கேட்டது. நம் வீட்டு ஷெட்டை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே மட்டும் உயிர் மலிவா?

தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யாத டேங்க் வேண்டாம். ஓட்டையை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள். தினமும் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

கொம்யூன் பஞ்சாயத்துகளே, குறைந்த கட்டணத்தில் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். வெடித்த பிறகு வந்து மாலை போடாதீர்கள்.