“இயன்ற அளவு” மருந்தா?

எய்ட்ஸ் கிருமி மருந்துக்கு மசிய மறுக்கிறது என்றதும் பழி யார் தலையில் விழுகிறது? ஏழையின் தலையில்! வேளாவேளைக்கு மாத்திரை விழுங்காதது அவன் குற்றம் என்று கைகழுவி விடுகிறார்கள் மேதாவிகள்.

உண்மை என்ன? திருக்காட்டுப்பள்ளி விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். நட்ட வயலில் தண்ணீர் நிற்கும் வரை கோரை அடங்கிக் கிடக்கும். முறைத் தண்ணீர் தவறினால் தலைதூக்கும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். பெருகும்போதே ஓயாமல் மாறுகிற கிருமி அது. இரத்தத்தில் மருந்து நிறைந்திருந்தால் பெருக வழியில்லை. குறைந்தாலோ, அடங்குகிற கிருமி சாகும். அடங்காதது பிழைத்துப் பெருகும்.

மருந்து ஏன் குறைகிறது? முதற்காரணம் விலை. இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தது சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனின் குழு. சர்க்கார் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியதோ 2004 ஏப்ரலில்! இடையில் அந்நியக் கம்பெனிகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டன. 2001-இல் இந்தியக் கம்பெனியான சிப்லா, தொண்டு நிறுவனத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவும் கூலிக்காரனுக்கு எட்டுமா? காசுள்ள மாதம் மருந்து, இல்லாத மாதம் வெறுங்கை!

இரண்டாவது காரணம் விநியோகம். 2022 ஜூலையில், மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து, டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நோயாளிகளே போராட்டத்தில் அமர்ந்தார்கள். பெருவாரியான இடங்களில் தட்டுப்பாடில்லை என்றது சர்க்கார். கையில் மாத்திரை இல்லாதவனுக்கு அது பதிலாகுமா?

மூன்றாவது பரிசோதனை. மருந்து பலிக்கிறதா என்று காட்டும் வைரஸ் அளவுப் பரிசோதனை எல்லோருக்கும் உண்டு என்று அறிவித்ததே 2018-இல்தான். மையத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பிழைப்புக்குத் திருப்பூர் போனவன் நிலையோ இன்னும் மோசம்.

ஏழை நாடுகள் எங்கும் இதே கதை. 2019-இல் உலக சுகாதார அமைப்பு ஆராய்ந்த 18 நாடுகளில் 12-இல், சிகிச்சை தொடங்குமுன்பே மருந்தெதிர்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே டோலுடெகிராவிர் என்ற புது மருந்துக்கு மாறச் சொன்னார்கள், இந்தியாவும் மாறியது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா அந்நிய உதவியை நிறுத்தி வைத்ததும் ஆப்பிரிக்காவில் மருத்துவ மையங்கள் தடுமாறின. விநியோகம் அறுந்தால் புது மருந்தும் பழையதாகும்!

2017-இன் எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சையை “இயன்ற அளவு” தருவதாகச் சொல்கிறது. கிருமிக்கு அந்தச் சலுகை தெரியாது, தோழர்களே! அந்தச் சொல்லை நீக்கு. இருப்பு தீருமுன் மருந்து அனுப்பு. எந்த ஊர் மையத்திலும் தடையின்றிக் கொடு. இவையே நமது கோரிக்கைகள். கிளைதோறும் பேசுவோம், வென்றெடுப்போம்!