தண்ணீர் குடிக்கும் தரை



ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் உங்கள் தெருவைக் கவனித்ததுண்டா? மண் தரையில் நீர் வடிந்திருக்கும். சிமெண்ட் சாலை ஓரத்திலோ குட்டையாய் நிற்கும். எங்கள் குறிஞ்சிப்பாடியில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. சுவருக்குச் சுவர் சிமெண்ட் பூசிவிட்டு, கோடையில் கிணறு வற்றியதே என்று வருந்துகிறோம். இது முறைதானா?

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, நீர் புகும் கான்கிரீட். சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லிகளுக்கு இடையே உள்ள சந்துகளை மணல் அடைத்துவிடுகிறது. இதில் மணல் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் மிகச் சிறிதளவே. கார்த்திகைப் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு பொரிகளை ஒட்டவைக்கிறது. இடையே காற்று இருக்கிறது. அதுபோல இக்கான்கிரீட்டின் பருமனில் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடமே. அண்டை மாநிலமான ஆந்திராவில் திருப்பதி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதை இட்டு ஆராய்ந்துள்ளனர்.

இனி ஒரு கணக்கு. புதிதாக இட்ட இத்தரையில் நீர் நொடிக்கு 2 மி.மீ. வேகத்திலாவது இறங்கும். அதாவது மணிக்கு 7,200 மி.மீ. மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தாலே நாம் பேய்மழை என்கிறோம். அதைப்போல 72 மடங்கு நீரை இது உள்ளே விடும்! அப்படியானால் இனி வெள்ளமே வராதா?

அவசரப்படாதீர்கள். புனலின் வாய் அகலமாக இருந்து என்ன பயன், அடிக்குழாய் அடைபட்டிருந்தால்? உள்ளே போன நீர் அடியிலுள்ள மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். வடலூர், நெய்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் அது எளிதில் இறங்கும். பெருமாள் ஏரிப் பக்கத்துக் களிமண்ணில் மெல்லத்தான் இறங்கும். அதுவரை நீர் எங்கே தங்கும்? 15 செ.மீ. கனமுள்ள தரையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால் 3 செ.மீ. மழை தங்கும். அடியில் 20 செ.மீ. ஜல்லிப் படுகை இட்டு, அதில் 40 சதவீதம் வெற்றிடம் இருந்தால் இன்னும் 8 செ.மீ. தங்கும். ஆக 11 செ.மீ. 2015 நவம்பர் 9-ஆம் நாள் வெள்ளத்தின்போது நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அத்தகைய நாளில் இத்தரை மட்டும் நம்மைக் காப்பாற்றாது. வழக்கமான மழையை நிலத்துக்குள் சேர்க்க உதவும்; அதுவே பெரும் நன்மை அல்லவா?

குறைகளும் உண்டு. வெற்றிடம் கூடினால் வலிமை குறையும். ஆகவே கரும்பு லாரி ஓடும் சாலைக்கு இது ஏற்றதன்று. புழுதி படிந்து துளைகள் அடைபடும். அவ்வப்போது பெருக்கி, நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பராமரிக்காவிட்டால் சில ஆண்டுகளில் இதுவும் வெறும் சிமெண்ட் தரைதான்.

எனவே என் கருத்து இது: மண் தரையாக இருக்கக்கூடிய இடத்தை மண்ணாகவே விடுவோம். கெட்டித் தரை தேவைப்படும் நடைபாதை, சைக்கிள் நிறுத்தும் இடம், பள்ளி முற்றம் ஆகியவற்றில் மட்டும், மண்ணைச் சோதித்த பிறகு, நீர் புகும் கான்கிரீட் இடுவோம்.

அச்சோதனையை நீங்களே செய்யலாம். ஆசிரியரின் அனுமதியோடு பள்ளி மைதான ஓரத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டுங்கள். நீரை நிரப்பி, வடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து குறியுங்கள். அடுத்த முறை யாரேனும் பள்ளி முற்றத்துக்குச் சிமெண்ட் போட வந்தால், அந்தக் குறிப்பேட்டை முதலில் அவரிடம் காட்டுங்கள்.