ஏரி பொது, கரை யாருக்கு?

ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணிநேரம் சென்றால் கவார்த்தா, ஹாலிபர்ட்டன், மஸ்கோக்கா என ஏரிகளின் நாடு தொடங்கிவிடுகிறது. கோடைகால வெள்ளிக்கிழமை மாலைகளில் 400ஆம் நெடுஞ்சாலை அத்திசையில் ஊர்ந்து செல்வதை அறியாதோர் இங்கில்லை. கொட்டேஜ் என இங்கு வழங்கும் ஏரிக்கரை வீட்டைச் சொந்தமாக உடையோர் அதில் ஒரு பகுதியினர். எஞ்சியோர் தூண்டிலும் குளிர்பெட்டியும் ஏற்றிக்கொண்டு, காரை நிறுத்த ஓரிடம் கிடைக்குமா என்ற கவலையோடு செல்பவர்கள். எம்மவரில் மிகப் பலர் இந்த இரண்டாம் வகையினர். அவர்களின் பக்கம் நின்றே இதை எழுதுகிறோம்.

சட்டம் அவர்களுக்கு எதிரானதன்று. ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளின் அடிநிலம் முடிக்குரியது. படகு செல்லத்தக்க நீரில் எவரும் படகு செலுத்தலாம். 18 முதல் 64 வயது வரையானோர் உரிமம் பெற்று மீன் பிடிக்கலாம். அந்த உரிமக் கட்டணம் மீன்வளத்தையும் வனவிலங்கையும் பேணும் நிதிக்கே செல்கிறது. ஆகவே பாலத்தின்மீது நின்று தூண்டில் போடுபவர் யாருடைய தயவிலும் நிற்பவரல்லர். ஆனால் நீருக்கு வானத்திலிருந்து இறங்க முடியாது. கரை வேண்டும், கரைக்குப் பாதை வேண்டும். சிக்கல் அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டில் இப்பகுதிகளை அளந்து பிரித்த நில அளவையாளர்கள் பல ஏரிகளைச் சுற்றி 66 அடி அகலமான ஒரு பட்டியைப் பொதுவழிக்கென ஒதுக்கினர். 66 அடி என்பது அவர்களுடைய அளவுச் சங்கிலியின் நீளம். நேராக வந்து நீரில் முடியும் தெருக்களையும் இடையிடையே விட்டுவைத்தனர். ஏரியைப் பார்த்த மாத்திரத்திலேயே அதன் விளிம்பு ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடக்கூடாது என்ற எண்ணம் அந்த வரைபடங்களில் இருக்கிறது. பின்வந்த நகரசபைகளோ அப்பட்டியைத் துண்டு துண்டாக மூடி, அடுத்திருக்கும் வீட்டுக்காரருக்கே விற்று வந்துள்ளன. விற்கப்படாமல் எஞ்சிய வழிகளிலும் பல, வரைபடத்தில் மட்டுமே வழிகள். நேரில் போனால் இரு வீடுகளுக்கு நடுவே புல்தரை, பெயர்ப்பலகை இல்லை, அயல்வீட்டாரின் படகு குறுக்கே கிடக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர் அதைப் பொதுவழியென்று எப்படி அறிவார்?

கரைவீட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு. குப்பை விட்டுச் செல்வோர், அளவுக்கு மீறிப் பிடிப்போர், ஓர் ஏரியின் களைகளையும் வரிச்சிப்பிகளையும் படகின் அடியில் ஒட்டவைத்து அடுத்த ஏரிக்குக் கொண்டுபோவோர் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு விதிகள் உள்ளன. படகைக் கரையேற்றியதும் நீரை வடித்துக் களைகளை அகற்றவேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டக் கட்டாயம். மீனின் அளவையும் எண்ணிக்கையையும் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒருவர் செய்யும் தவறுக்கு விதியும் தண்டமும் போதும். ஊருக்கே வழியை அடைப்பது அதற்கு மருந்தாகாது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் சில நகரசபைகள் கரைப் பூங்காக்களை உள்ளூராருக்கு மட்டும் என ஒதுக்கின. அன்றைக்கு அதற்கொரு காரணம் இருந்தது. அக்காரணத்தை நிரந்தரமாக்க விரும்பும் குரல்களைத்தான் நாம் அஞ்சுகிறோம்.

அஞ்சுவதற்கு வரலாறு உண்டு. 2007இல் சிம்கோ ஏரிப் பகுதியிலும் அதற்கப்பாலும் ஆசிய மரபினரான தூண்டில்காரர்கள் இரவுகளில் தாக்கப்பட்டனர். பாலங்களிலிருந்தும் துறைகளிலிருந்தும் நீருக்குள் தள்ளப்பட்டனர். அச்செயலுக்கு உள்ளூரில் ஓர் இழிபெயரே வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த ஒரு தாக்குதலில், துரத்தப்பட்ட கார் மோதியதால் உள்ளிருந்த இளைஞர் ஒருவர் மூளையில் கடுங்காயமுற்றார். குற்றம் செய்தவருக்கு எதிரான தீர்ப்பு 2009இல் வந்தது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி 2008இல் அறிக்கை வெளியிட்டது. மீன்வளத்தைக் காக்கிறோம் என்ற பேச்சு அங்கே இனவெறிக்குப் போர்வையாயிற்று. தோற்றத்தைக் கண்டே ‘இவர் வெளியார்’ எனத் தீர்மானிக்கப்படும் எம் போன்றோர் இதை எளிதில் மறக்க இயலாது.

எனினும் இங்கே உண்மையில் யார் வெளியார்? 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் ஏழு முதற்குடிச் சமூகங்களிடமிருந்து நிலத்தை மட்டுமன்றி வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்தனவாகப் பொருள்கொள்ளப்பட்டன. உச்சநீதிமன்றமும் 1994இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2018இல்தான் அரசுகள் அவ்வுரிமைகளை ஏற்று, 111 கோடி டொலர் இழப்பீடு வழங்கி, மன்னிப்பும் கேட்டன. சொந்த ஏரியில் மீன் பிடித்தவர் குற்றவாளியாக நின்ற காலம் அது. 2015 அளவில் பிஜன் ஏரியில் எழுந்த காட்டரிசிப் பிணக்கும் இத்தகையதே. முதற்குடியினர் வள்ளத்திலிருந்து தட்டி அறுவடை செய்யும் அந்த நீர்த்தானியம், படகோட்டவும் நீந்தவும் இடைஞ்சலாயிருக்கிறதென்று கரைவீட்டார் முறையிட்டனர். ஒருவரின் உணவு மற்றவரின் கண்ணுக்குக் களை!

கூடாரமிடுவதிலும் இதே நிலைதான். கனடாவில் வசிப்போர் முடிக்குரிய காணியில் ஓரிடத்தில் ஆண்டொன்றுக்கு 21 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். கேட்க இனிய உரிமை. ஆனால் அத்தகைய காணி தெற்கில் மிகக் குறைவு. மாகாணப் பூங்காக்களின் நல்ல தளங்களோ மாதக்கணக்கில் முன்பதிவு செய்வோருக்கே வாய்க்கின்றன. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். 386 கி.மீ. நீளமான ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் நீர்ப்பூட்டு நிலையங்கள் பலவற்றில் புல்தரையும் கழிப்பறையும் கூடாரமிட இடமும் உண்டு. பொதுக்கரை என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று என்பதற்கு அவையே சான்று.

எமது வேண்டுகோள் பெரிதன்று. எஞ்சியுள்ள 66 அடிப் பட்டியை இனி விற்கவேண்டாம். நீரில் முடியும் ஒவ்வொரு பொதுவழியிலும் ஒரு பலகை நடுங்கள். நான்கு கார்களேனும் நிறுத்த இடமும் ஒரு குப்பைத்தொட்டியும் வையுங்கள். எம்மவருக்கும் ஒரு சொல்: உரிமம் சட்டைப்பையில் இருக்கட்டும், அளவில் குறைந்த மீன் நீருக்கே திரும்பட்டும், கொண்டுவந்த பொதி வெறுங்கையாய் விட்டு வராமல் வீடு திரும்பட்டும். உரிமையைக் கேட்பவன் அதைக் காப்பவனாகவும் இருக்கவேண்டும்.

கரைவீடு வாங்கியவர் வாங்கியது வீட்டையும் நிலத்தையும்தான். ஏரியை அவருக்கு எவரும் விற்கவில்லை.