மூன்றாம் கோணம்

“கோணக் கணக்கைப் படித்து என் பிள்ளை என்ன செய்யப் போகிறான்?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களை ஒரு மாலைப்பொழுதில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அங்கே செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690-இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை இருந்த ஊர்களும் அவர்களுக்கே சொந்தமாயின. ‘குண்டு கிராமங்கள்’ என்று அவை பெயர்பெற்றன. வெடிமருந்தே அன்று அளவுகோலாயிற்று!

112 ஆண்டுகள் சென்றன. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தார். பின்னர்க் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து, கடலூரை அடுத்த திருவந்திபுரம் குன்று வரை வந்தார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம் அன்றோ?

இதற்கெல்லாம் அடிப்படை, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்னும் உண்மை. ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, அவற்றின் முனைகள் ஓரிடத்தில் கூடுமாறு பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், நேர்கோடு அமையும். உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் இது எப்போதும் உண்மை என்பது விளங்கும்.

இனிக் கடலைப் பார்ப்போம். நங்கூரமிட்ட படகு ஒன்று தெரிகிறது. கரைக்குச் செங்கோணமாகப் படகு தெரியும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கிடைக்கும். அதைக் கையில் ஏந்தி, கரை நேராக உள்ள பகுதியில், படகும் குச்சியும் அக்கோணத்தில் தெரியும் வரை நடந்து செல்லுங்கள். 90, 45 போக எஞ்சிய கோணமும் 45. ஆகவே இது இருசமபக்க முக்கோணம். நீங்கள் நடந்த தூரமே குச்சியிலிருந்து படகுக்குள்ள தூரம். கால் நனையாமலே கடலை அளந்துவிட்டீர்கள்!

ஆயினும் ஒன்று சொல்வோம். இரு கோணங்களை அளந்த மாணவன், மூன்றாவதை 180-லிருந்து கழித்து எழுதிவிடுகிறான். நல்ல நில அளவையாளரோ, கூடுமானவரை மூன்றாம் முனைக்கும் சென்று அளக்கிறார். கூட்டுத்தொகை பிசகினால், எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்று அறிந்து மீண்டும் அளக்கிறார். நிலவுருண்டையின் வளைவால் மிகப் பெரிய முக்கோணங்களில் மட்டும் கூட்டுத்தொகை இம்மியளவு மிகும். அதற்கும் கணக்கு உண்டு.

முழ அகல வரப்புக்காக உடன்பிறந்தோர் முகம் பாராதிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். குரல் உயர்ந்தவர் பக்கம் எல்லை நகர்வதும், குண்டு விழுந்த இடத்தில் எல்லை அமைவதும் ஒன்றே. கோணமோ ஆள் பார்ப்பதில்லை. ஆகவே, இன்றிரவு உங்கள் பிள்ளை கணக்குப் போடும்போது அருகில் அமருங்கள். “மூன்றாம் கோணத்தை அளந்தாயா?” என்று அன்போடு கேளுங்கள்.