குறட்டைக்குச் சாட்சி

சகோதரிகளே, கணவரின் குறட்டை தாளாவிடில் வேறு அறையில் படுத்துக் கொள்ளுங்கள் என்று யோசனை கூறுவது எளிது. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓர் அறையில் குடித்தனம் நடத்தும் நமக்கு வேறு அறை ஏது?

மல்லாந்து படுக்குங்கால் நாக்கு பின்சென்று தொண்டையின் வழி குறுகுகிறது. அங்கே மென்தசைகள் அதிர்வதே குறட்டை. ஒருக்களித்துப் படுத்தாலும், பருமன் குறைந்தாலும், மதுவை விலக்கினாலும் பலருக்கு அது தணியும். (பெண்களும் குறட்டை விடுவதுண்டு, அதனை ஏனோ எவரும் பேசுவதில்லை.)

ஆனால் குறட்டை திடீரென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இன்றி, பின்னர் திணறலுடன் மீண்டும் மீண்டும் தொடங்குமாயின் அது நகைப்புக்குரியதன்று. இரத்தக் கொதிப்புக்கும் இருதய நோய்க்கும் அது இடமளிக்கும். பகலிலோ, மின்சார ரயிலில் கண்ணயர்ந்து இறங்குமிடத்தைத் தவறவிடுவார். உறங்குபவர் இதனை அறியார். அருகில் விழித்திருப்பவரே சாட்சி. “நானாவது, குறட்டையாவது!” என்பார். வாதாட வேண்டாம். மருத்துவரிடம் உடன்சென்று, கண்டதை நீங்களே கூறுங்கள். இரவுத் தூக்கத்தைப் பதிந்து ஆராயும் சோதனை உண்டு. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட, மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தும் முறைக்கான கருவி இன்று மும்பையிலும் கிடைக்கிறது. அதன் மெல்லிய இரைச்சலில் இருவருமே உறங்கலாம்.