பெட்டியில் போட்ட நம்பரை நம்பாதீங்க!

எங்கள் வீட்டில் நடந்ததை மற்ற சகோதரிகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு நிலா, நட்சத்திரம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். டெலஸ்கோப் வாங்கித் தரச்சொல்லி ஒரே நச்சரிப்பு. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு? அந்தக் காசுல ஒரு கம்மல் வாங்கிப் போடு" என்றார் மாமியார். கணவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. அவருடைய ஓவர்டைம் காசு, என் சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து, வெளியூர்க் கடை ஒன்றில் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டி மேல் '450 மடங்கு' என்று கொட்டை எழுத்து! மொட்டை மாடியில் வியாழனைத் தேடினால் ஸ்டாண்டு கிடுகிடு என்று ஆடுகிறது. தெரிந்தது மங்கலாய் ஒரு மஞ்சள் பொட்டு. பிள்ளை முகம் வாடிப்போச்சு. மாமியார் ஒண்ணுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனோம். (விசாரித்துக்கொண்டு போங்கள்.) 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று தெரியவந்ததில் நம்ம காவலூருக்கும் பங்கு உண்டாம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது! 1986ல் திறந்த பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அங்கே அகலத்தைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்; எத்தனை மடங்கு என்ற பேச்சே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முன்பக்க லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் ரெண்டு மடங்கு வரைதான் உருப்படியாகப் பெரிசாகும். எங்களுடையது 50 மி.மீ. ஆக, 100 தாண்டினால் வெறும் மங்கல்தான். 70 மி.மீ. என்றால் வெளிச்சமே கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஸ்டாண்டைக் கடையிலேயே ஆட்டிப் பாருங்கள். காசு பத்தாவிட்டால் 10x50 பைனாகுலரே மேல். இன்னொன்று: எதிலும் சூரியனை மட்டும் பார்க்க விடாதீர்கள், கண் போயிடும். கூடக் கொடுக்கும் கறுப்பு வில்லையையும் நம்பவேண்டாம், சூட்டில் விரிசல் விடும்.

இப்போது என் தம்பி கொடுத்த பைனாகுலரை மாடிச் சுவரில் ஊன்றிப் பார்க்கிறாள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிகிற கார்த்திகை நட்சத்திரம் முப்பதுக்கு மேல் இருக்காம், எண்ணிச் சொன்னாள். மாமியாரும் வாங்கிப் பார்த்தார். கம்மல் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

அடுத்த சீட்டு ஆடியில் விழும். 70 மி.மீ.தான், அவரிடம் சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, ஜோலார்பேட்டை